பின்சக்கரத்து மழை

ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் ஆண்டுக்குச் சுமார் 2000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வது ஏறக்குறைய 1400. எண்ணிக்கையில் இரண்டும் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் சென்னைக்கு வரும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். ஃபோர்ட் வில்லியமில் அது வருஷம் முழுக்கத் தவணை முறையில் பெய்யும். தூறல், சாரல், கொஞ்சம் வெளிச்சம், மறுபடி தூறல். மழை விட்டபிறகு சைக்கிளை எடுக்கலாம் என்று காத்திருந்தால் அந்த ஊரில் சைக்கிளுக்குத் துருதான் பிடிக்கும். அதனால் யாரும் காத்திருப்பதில்லை. மலைச்சரிவில் சைக்கிளை இறக்கும் உலகக் கோப்பைப் பந்தயத்துக்கு 2002 முதல் பேர்போன ஊர் அது. வேல்ஸில் கோயிட் இ பிரெனின், தெற்கு ஸ்காட்லாந்தில் கிளென்ட்ரெஸ் என்று காட்டுக்குள் சைக்கிளுக்கென்றே தடம் வெட்டிவைத்த இடங்களும் உண்டு. குளிர்காலத்தில் அந்தத் தடங்களுக்கும் ஓடைகளுக்கும் அதிக வித்தியாசம் இருக்காது.

அங்கத்திய சைக்கிள் கடைகளில் நீர்புகா ஷார்ட்ஸ் என்று ஒரு உடுப்பு தொங்கும். முதல்முறை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். முழங்காலுக்குக் கீழே மொத்தமும் நனையப்போகிறது, தொடைக்கு மட்டும் எதற்கு ரெயின்கோட்?

காரணம் இருக்கிறது. தோல் தண்ணீரை உள்ளே விடாது. நனைந்த கெண்டைக்கால் வண்டியை நிறுத்திய சில நிமிடங்களில் காற்றில் உலர்ந்துவிடும். நனைந்த துணிதான் உலராமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. போதாததற்கு மலைச் சைக்கிள்காரர்கள் உள்ளே பஞ்சுத் திண்டு வைத்த இறுக்கமான கால்சட்டை ஒன்றை அணிகிறார்கள். அந்தத் திண்டு நனைந்தால் மூன்று மணி நேரம் ஈரப் பஞ்சின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஈரத்தில் ஊறிய தோலின் உராய்வு கூடும், தொடையிடுக்கில் தோல் உரியும். ஆக, காக்கவேண்டிய இடம் இடுப்பிலிருந்து முழங்கால்வரை. அதற்குக் கீழே துணி போட்டால் செயினில் சிக்கும், முழங்கால் கவசத்தோடு மல்லுக்கட்டும், பெடல் மிதிக்கும் தசையின் சூடு வெளியே போகாமல் அடைத்துக்கொள்ளும்.

இனி, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கவேண்டும். மழை மேலிருந்து பெய்கிறது என்ற நினைப்பிலேயே பலரும் ஷார்ட்ஸ் வாங்குகிறார்கள். சைக்கிளில் உட்கார்ந்திருப்பவருக்கு மேலிருந்து வரும் மழையைச் சட்டையும் தோளும் வாங்கிக்கொள்கின்றன. ஷார்ட்ஸுக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி கீழிருந்து, பின்சக்கரம் எறிவது.

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 7 மீட்டர். ஓட்டுகிறவரின் பார்வையில், டயரின் விளிம்பும் அதே 7 மீட்டர் வேகத்தில்தான் சுற்றுகிறது. அந்த விளிம்பில் ஒட்டியிருக்கும் நீர்த்துளியை வெளியே பிய்த்தெறியப் பார்க்கும் விசை, புவியீர்ப்பைப்போல் 13 மடங்கு. துளி பிடி தளர்ந்து நேர்கோட்டில் கிளம்புகிறது. காற்றுத்தடையை ஒதுக்கிவைத்துக் கணக்குப்போட்டால், 7 மீட்டர் வேகத்தில் செங்குத்தாகக் கிளம்பிய துளி இரண்டரை மீட்டர் உயரம் போகும். சீட் இருப்பதோ ஒரு மீட்டர் உயரத்தில். அதாவது சாதாரண வேகத்திலேயே பின்சக்கரம் உங்கள் இருக்கையைத் தாண்டி முதுகுவரை பீய்ச்சியடிக்கும் குழாய். மலைச் சைக்கிள் டயரில் பெரிய பெரிய குமிழ்கள் இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அள்ளிவரும் நீரும் சேறும் அதிகம். சுத்தமான மழைநீர்கூட இல்லை அது, மணல் கலந்த கூழ்.

ஆகவே குறைந்த செலவில் உலர்ந்திருக்க நினைப்பவருக்கு என் முதல் யோசனை ஷார்ட்ஸைப் பற்றியதே அல்ல. சீட்டுக்கு அடியிலோ பின்சக்கரத்துக்கு மேலோ மாட்டும் பிளாஸ்டிக் மட்கார்டு பத்துப் பதினைந்து பவுண்டுக்குக் கிடைக்கிறது. அழகில்லை என்று பலர் மாட்டுவதில்லை. அதை மாட்டிக்கொண்டு நடுத்தர ஷார்ட்ஸ் போட்டவர், மட்கார்டு இல்லாமல் உயர்ந்த ஷார்ட்ஸ் போட்டவரைவிட உலர்ந்து வீடு திரும்புவார்.

மட்கார்டு போட்டாலும் சீட் நனையும். நனைந்த சீட்டில் உட்காரும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் இந்த உடுப்பின் சூட்சுமமே இருக்கிறது. கடையில் தொங்கும் அட்டையில் ‘10,000/10,000’ என்று இரண்டு எண் போட்டிருக்கும். முதல் எண் நீரழுத்தம் தாங்கும் அளவு. துணியை இறுக்கிப் பிடித்து, அதன் ஒரு பக்கத்தில் நீரின் அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். மறுபக்கத்தில் மூன்று இடத்தில் துளி எட்டிப்பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். அப்போதிருந்த அழுத்தம் எத்தனை மில்லிமீட்டர் உயர நீர்த்தூணுக்குச் சமமோ அதுதான் அட்டையில் ஏறுகிறது. 10,000 என்றால் பத்து மீட்டர் நீர்த்தூண். கேட்கப் பிரமாதமாக இருக்கும். கூடாரத் துணிகளில் 1500 முதல் 3000 வரை போட்டிருப்பார்கள், அவை இரவெல்லாம் பெய்யும் மழையைத் தாங்கிவிடுகின்றன. பிறகு ஷார்ட்ஸுக்கு எதற்குப் பத்தாயிரம்?

கூடாரத்தின்மேல் யாரும் உட்காருவதில்லை என்பதுதான் பதில். 75 கிலோ ஆள் ஒருவர் பெடல் மிதிக்கும்போது அவர் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல், 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம், சீட்டில் இறங்குகிறது. சீட்டைத் தொடும் பரப்பு சுமார் 100 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோ. ஒரு கிலோ அழுத்தம் பத்து மீட்டர் நீர்த்தூணுக்குச் சமம், ஆகவே இது நான்கு மீட்டர், அட்டையின் மொழியில் 4000. இது சராசரிதான். உடம்பின் பாரம் சீராகப் பரவுவதில்லை. இடுப்பெலும்பின் இரண்டு முனைகளில் குவிகிறது, அங்கே அழுத்தம் இரண்டு மூன்று மடங்காகலாம். ஒரு கல்லின்மேல் ஏறி இறங்கிய நொடியில் இன்னும் கூடும். இப்போது பத்தாயிரம் ஆடம்பரமாகத் தோன்றவில்லை. 5000 போட்ட மலிவு ஷார்ட்ஸ் தொடைமேல் பெய்யும் மழையைத் தாராளமாகத் தாங்கும். அதன் இருக்கைப் பகுதிதான் முதல் மணி நேரத்திலேயே கசியும்.

இங்கே பணத்தை மிச்சப்படுத்த ஒரு வழி பிறக்கிறது. ஷார்ட்ஸ் முழுவதும் உயர்ந்த துணியில் இருக்கவேண்டிய அவசியமில்லை. இருக்கைக்கு மட்டும் கனத்த, அழுத்தம் தாங்கும் துணியும் மற்ற இடங்களுக்குச் சாதாரணத் துணியும் வைத்துத் தைத்தவை உண்டு. நடுத்தர விலையில் அப்படி ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். மொத்தமும் ஒரே மெல்லிய துணியில் தைத்துவிட்டு, எடை வெறும் இருநூறு கிராம் என்று பெருமையடித்துக்கொள்ளும் ரகம் நடைப்பயணத்துக்கு நல்லது, சீட்டுக்கு ஆகாது. நிமிஷத்துக்கு 75 முறை என்று இரண்டு மணி நேரம் பெடல் சுற்றினால் 9000 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் துணி சீட்டின்மேல் கொஞ்சம் தேய்கிறது, இடையில் மணல். உப்புத்தாளால் தேய்ப்பதற்கும் இதற்கும் பெயரில்தான் வித்தியாசம்.

துணியைவிட மோசமான இடம் தையல். ஊசி போகும் ஒவ்வொரு இடமும் ஒரு துளை. சென்டிமீட்டருக்கு மூன்று நான்கு தையல் என்று கணக்குப் பார்த்தால், பின்பக்க நடுத்தையலில் மட்டும் நூறு துளை சுலபமாகத் தேறும். இவற்றை அடைக்க உட்பக்கத்தில் சூடாக்கி ஒட்டும் டேப் வைக்கிறார்கள். அட்டையில் ‘எல்லாத் தையலும் டேப் இட்டது’ என்றும் இருக்கும், ‘முக்கியத் தையல்கள் மட்டும்’ என்றும் இருக்கும். இரண்டாவது மலிவு. எது முக்கியம் என்பதை முடிவு செய்பவர் தயாரிப்பாளர், உட்காருபவர் நீங்கள்.

கடையில் ஷார்ட்ஸை உள்வெளியாகப் புரட்டி, இரண்டு காலும் இடுப்பும் கூடும் கவட்டைப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாலாபக்கத் தையலும் வந்து முட்டும் சந்தி அது. மலிவான தைப்பில் அங்கே டேப்மேல் டேப் ஏறி, விரலுக்குத் தட்டுப்படும் விறைத்த மேடாக நிற்கும். மேட்டின் ஓரத்தில் டேப் முழுசாக ஒட்டாமல் சின்னக் கால்வாய் மாதிரி ஒரு இடைவெளி இருக்கும். கட்டைவிரல் நகத்தால் டேப்பின் ஓரத்தை லேசாக நெம்பினாலே எழும்பினால், பத்துத் துவைப்புக்குள் அது உரிந்துவிடும் என்று அர்த்தம். நல்ல வெட்டில் இந்தச் சந்தியே இருக்காது. இருக்கைக்கு ஒரே துண்டுத் துணியை வளைத்து வெட்டி, தையலைச் சீட் தொடாத இடத்துக்கு நகர்த்தியிருப்பார்கள். ஐம்பது பவுண்டு ஷார்ட்ஸையும் நூறு பவுண்டு ஷார்ட்ஸையும் பிரிக்கும் உண்மையான வித்தியாசம் பலசமயம் இந்த வெட்டுதான். எண்டுரா போன்ற ஸ்காட்லாந்து நிறுவனங்களுக்கு இந்தப் பண்டத்தில் பெயர் கிடைத்ததற்கு, வாசலைத் திறந்தால் பரிசோதனைக்கூடமாக நிற்கும் அந்த நாட்டு வானமும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

வாங்கி வந்தபின் வீட்டில் செய்ய ஒரு சோதனை உண்டு. ஒரு டிஷ்யூ காகிதத்தை மேசைமேல் விரித்து, அதன்மேல் இருக்கைப் பகுதியை வைத்து, இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி, முஷ்டியால் உடம்பெடையைக் கொடுத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். காகிதம் உலர்ந்திருந்தால் விலைச்சீட்டைக் கிழிக்கலாம்.

அட்டையின் இரண்டாவது எண், வியர்வை ஆவி வெளியேறும் அளவு. ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியை வெளியே விடும் என்பது கணக்கு. கடைக்காரர்கள் அதிகம் விற்பது இந்த எண்ணைத்தான். இதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

மேட்டில் ஏறும்போது பெடலுக்கு 200 வாட் கொடுப்பவரின் உடம்பில் அதைப்போல் மூன்று மடங்கு, சுமார் 600 வாட், வெறும் சூடாகப் பிறக்கிறது. அத்தனையையும் வியர்வையை ஆவியாக்கியே தணிக்கவேண்டும் என்றால் மணிக்கு ஏறக்குறைய 900 கிராம் வியர்க்கவேண்டும். குளிர்காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், ஆனாலும் வியர்வை கணிசம்தான். ‘10,000’ போட்ட துணி மணிக்குச் சதுர மீட்டருக்கு 417 கிராம். ஷார்ட்ஸில் இருக்கும் துணி அரை சதுர மீட்டர் என்று வைத்தால் சுமார் 200 கிராம். இடுப்புக்கும் தொடைக்கும் அது போதும்போலத் தெரிகிறது. சிக்கல் என்னவென்றால் சோதனைக்கூடம் காடு அல்ல. இந்த அளவை எடுக்கப் பல முறைகள் இருக்கின்றன. தண்ணீர்க் கிண்ணத்தை நிமிர்த்திவைத்துச் செய்வது ஒன்று, ஈரத்தை உறிஞ்சும் உப்புக் கரைசல் உள்ள கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்துச் செய்வது இன்னொன்று. ஒரே துணிக்கு இரண்டும் வெவ்வேறு எண் கொடுக்கும். எது பெரிதோ அதை அட்டையில் போடத் தடையேதுமில்லை. எந்த முறை என்று சொல்லாத இரண்டு அட்டைகளை ஒப்பிடுவது வீண்வேலை. சில நிறுவனங்கள் ‘ஆர்இடி’ என்ற தடை அளவைத் தருகின்றன. அதில் எண் குறையக் குறைய நல்லது, ஒப்பிடவும் ஓரளவு நம்பலாம்.

நீராவி தானாக வெளியே போவதில்லை, உள்ளே ஆவியழுத்தம் அதிகம் வெளியே குறைவு என்ற ஏற்றத்தாழ்வு அதைத் தள்ளுகிறது. தோலருகே 33 டிகிரியில் செறிந்த ஆவியின் அழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல். ஸ்காட்லாந்தின் 8 டிகிரி மழையில் வெளியே 1 கிலோபாஸ்கல்தான். தள்ளும் விசைக்கு 4 மீதி. அதே உடுப்பைச் சென்னையின் 26 டிகிரி அடைமழையில் போட்டால் வெளியே 3.4 நிற்கும், மீதி 1.6. பாதிகூட இல்லை. நம்மூர் மழைக்கு இந்த உடுப்பை வரவழைக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் உலரும் சாதாரண ஷார்ட்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம். வெதுவெதுப்பான மழையில் நனைவதில் நஷ்டமில்லை.

இன்னொன்றும் உண்டு. ஜாக்கெட்டுக்குக் கழுத்திலும் மணிக்கட்டிலும் வாய் அடைந்திருக்கும். ஷார்ட்ஸுக்கு இரண்டு பெரிய வாய் கீழே திறந்தே கிடக்கிறது. தொடை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் காற்று வெளியே தள்ளப்பட்டுப் புதுக்காற்று நுழைகிறது. தொடையோரம் ஜிப் வைத்த திறப்பு இருந்தால் இந்த வேலை இன்னும் ஒழுங்காக நடக்கும். ஆகவே பையில் பணம் குறைவென்றால் விட்டுக்கொடுக்கவேண்டிய எண் இரண்டாவதுதான். முதல் எண்ணை விடக்கூடாது.

இந்தத் துணிகள் வேலைசெய்வது நடுவிலிருக்கும் சவ்வால். 1969-இல் அமெரிக்காவின் பாப் கோர், டெஃப்லான் என்று நாம் அறிந்த பிடிஎஃப்இ கம்பிகளைச் சூடாக்கி மெல்ல மெல்ல இழுத்துப்பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அறுந்தன. வெறுத்துப்போய் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அது அறுபடாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த புதுப்பொருளாக நின்றது. நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி மூலக்கூறு தாராளமாக நுழையக்கூடிய துளைகள். 1976-இல் அது கோர்டெக்ஸ் துணியாக விற்பனைக்கு வந்தது. மலிவு ஷார்ட்ஸில் இருப்பது பெரும்பாலும் இதுவல்ல, பாலியூரித்தேன். அதில் துளையே இல்லாத ஒரு வகை உண்டு. நீராவி சவ்வுக்குள் கரைந்து, மூலக்கூறு மூலக்கூறாக ஊர்ந்து, மறுபக்கம் வெளியேறும். வேகம் குறைவு, ஆனால் சேறும் வியர்வை எண்ணெயும் அடைக்கத் துளையில்லை என்பது சைக்கிள்காரருக்கு ஒரு அனுகூலம். சவ்வுக்கு உட்புறம் மெல்லிய பின்னல் துணி ஒட்டிய மூன்றடுக்கு வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். வெறும் பூச்சோடு விட்ட இரண்டரை அடுக்கு, வெறுந்தொடையில் ஈரப் பிளாஸ்டிக் மாதிரி ஒட்டும்.

சவ்வு உள்ளே இருந்தாலும் மேல்துணியும் நனையாமல் இருக்கவேண்டும். அதற்குத்தான் நீர்விலக்கிப் பூச்சு. புது ஷார்ட்ஸில் தண்ணீர் தாமரையிலையில்போல் உருண்டோடுவது இதனால். பூச்சு தேய்ந்தால் மேல்துணி தண்ணீரைக் குடித்துக் கனக்கும். சவ்வு அப்போதும் கசியாது. ஆனால் வெளிப்புறம் முழுக்க நீர்ப்படலம் மூடியதால் ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே வியர்வையாகத் தங்கும். ‘என் ஷார்ட்ஸ் ஒழுகுகிறது’ என்று புலம்புகிறவர்களில் பலரை நனைத்தது அவரவர் வியர்வைதான்.

பல ஆண்டுகள் இந்தப் பூச்சு ஃபுளோரின் சேர்மங்களால் ஆனதாக இருந்தது. அவை நீரையும் விரட்டும், எண்ணெயையும் விரட்டும். கார்பன்-ஃபுளோரின் பிணைப்பு அத்தனை சுலபத்தில் உடையாது என்பதால் மண்ணிலும் நீரிலும் உடம்பிலும் சேர்ந்துகொண்டே போயின. இந்தக் குடும்பத்தின் பிஎஃப்ஓஏ 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் ஏறியது. கலிஃபோர்னியா 2025 முதல் சில விலக்குகளோடு இந்தக் குடும்பத்தையே துணிகளிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டது. கோர் நிறுவனமே 2022-இல் பிடிஎஃப்இ-க்கு மாற்றாகப் பாலிஎத்திலீன் சவ்வு ஒன்றை இறக்கியது. இப்போது வரும் மெழுகு, சிலிக்கோன் வகைப் பூச்சுகள் நீரை நன்றாகவே விரட்டுகின்றன, எண்ணெயை விரட்டுவதில்லை. செயின் எண்ணெய் பட்ட இடம், வியர்வைக் கொழுப்பு படிந்த இடம், அப்பிய சேறு எல்லாம் தண்ணீருக்கு நுழைவாயில். இந்தக் குறை மலிவு ஷார்ட்ஸுக்கும் விலையுயர்ந்ததற்கும் பொது. பூச்சுக்காக யாரும் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை.

துவைத்தால் நீர்புகாத் தன்மை போய்விடும் என்று அஞ்சிச் சேற்றோடு மாட்டிவைப்பவர்கள் அங்கேயும் உண்டு. அழுக்குதான் பூச்சை முடக்குகிறது, ஆகவே அடிக்கடி துவைப்பதுதான் சரி. கூடாதவை இரண்டு: சோப்புத்தூள், துணி மென்மையாக்கும் திரவம். இரண்டும் இழைகளின்மேல் நீரை இழுக்கும் படலத்தை விட்டுவிடுகின்றன. நிக்வாக்ஸ் மாதிரி இதற்கென்றே வரும் திரவம் நல்லது. துவைப்புச்சீட்டு அனுமதித்தால் உலர்த்தியில் மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் ஓட்டவேண்டும். சூடு பட்டதும் படுத்துக்கிடந்த பூச்சு மூலக்கூறுகள் மறுபடி நிமிர்கின்றன. அதற்குப் பிறகும் தண்ணீர் உருளவில்லையென்றால் சில பவுண்டுக்குப் புதுப்பூச்சு வாங்கித் தெளித்துக்கொள்ளலாம், புது ஷார்ட்ஸ் வேண்டியதில்லை.

அளவு பார்க்கும்போது கடையில் நின்றபடி பார்க்கக்கூடாது, சைக்கிளில் குனிவதுபோல் குனிந்து பார்க்கவேண்டும். பின்பக்க இடுப்பு தாழ்ந்தால் முதுகில் வழியும் சேறு நேராக உள்ளே இறங்கும். காலின் ஓரம் முழங்காலை மூடவேண்டும், உள்கால்சட்டை அதற்குக் கீழே எட்டிப்பார்க்கக்கூடாது. எட்டிப்பார்த்தால் அந்த நுனி திரியாக மாறித் தண்ணீரைத் தொடைவரை ஏற்றிவிடும்.

குளிர்காலம் முடிந்து பங்குனி, சித்திரை வாக்கில் அந்த நாட்டுக் கடைகளில் இவை பாதி விலைக்கு வருவது வழக்கம். வாங்கலாம். ஒன்றை மட்டும் பார்க்கவேண்டும். பாலியூரித்தேன் ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து சிதையும், அணியாமல் பெட்டிக்குள்ளேயே இருந்தாலும் வயதாகும். ஈரத்தோடு சுருட்டிக் கார் டிக்கியில் போட்டுவைத்ததற்கு இன்னும் சீக்கிரம். சில வருஷம் கிடங்கில் கிடந்த சரக்கென்றால் உட்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ சவ்வு சிதையத் தொடங்கிவிட்டது. எழுபது சதவீதத் தள்ளுபடி என்றாலும் கொக்கியில் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடலாம்.